இளநீர் வியாபாரியின் மாத்திரை

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். இதை வெளியாள் யாரும் சொல்ல வேண்டியதில்லை, என் கணவரே கல்யாண மண்டபங்களில் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பார். "எங்கூட்டு அம்மணி சாமிக்கு ஒடைச்ச தேங்காயவே திருப்பித் திருப்பிப் பாக்குமுங்க" என்பார். நான் மறுத்ததில்லை. கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் வெகுகாலம் வேலை செய்தவள் நான். பார்வைக்கு ஒழுங்காக இருக்கிற நூலில் எங்கே குறை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். மில்லை மூடிவிட்டார்கள். தேடுகிற பழக்கம் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

என் கணவருக்கு இளநீர் வியாபாரம். நாங்கள் இருப்பது கிணத்துக்கடவில். அவர் விடிந்ததும் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால், பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் வரை தோப்புத் தோப்பாகப் போவார். காயைப் பார்த்து விலை பேசி, ஆள் விட்டு வெட்டி, லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்புவார். கள்ளம் கபடம் தெரியாத மனிதர். யார் எதைச் சொன்னாலும் நம்புவார். அவருக்கும் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டிய பொறுப்பு எனக்கு.

அவருக்கு ரத்தக்கொதிப்பு வந்து சில வருடங்கள் ஆகின்றன. காலையில் ஒரு மாத்திரை போடுவார். ஒரு மாசி மாதம் டாக்டரிடம் போனபோது அளவு ஏறியே இருந்தது. மறுபடியும் ஒரு வாரம் கழித்துப் பார்த்தார், அப்போதும் ஏறித்தான் இருந்தது. டாக்டர் வேறு ஒரு மாத்திரையை எழுதினார்.

"இதுல ரெண்டு மருந்து சேர்ந்து இருக்குது. ஏற்கெனவே போட்டுட்டு இருந்த மருந்தும் இதுக்குள்ளயே இருக்குது. அதனால பழைய மாத்திரைய நிறுத்திடணும். நல்லதுதானேன்னு ரெண்டையும் சேர்த்துப் போட்டீங்கன்னா பிரஷர் ரொம்ப எறங்கி மயக்கம் வந்துடும்" என்றார்.

நான் அந்த மாத்திரையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பழைய மாத்திரையை விடக் கொஞ்சமும் பெரிதாக இல்லை.

"ரெண்டு மருந்து இருக்குதுங்கறீங்க. ஒரு மருந்து இருக்கற மாத்திரை சைஸுதானுங்களே இருக்குது?" என்று கேட்டேன்.

டாக்டர் சிரித்தார். மாத்திரையில் மருந்து கொஞ்சம்தான் இருக்கும், மீதியெல்லாம் அதைச் சேர்த்துப் பிடித்து வைக்கிற மாவு என்று விளக்கினார். விளக்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அறைக்கு வெளியே தோல்பையோடு இரண்டு மருந்துக் கம்பெனிக்காரர்கள் காத்திருந்ததையும் நான் பார்த்திருந்தேன். அதோடு, இரண்டு வாரம் கழித்து ரத்தம் கொடுத்துச் சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும் என்றார். ரத்தம் பார்க்கிற இடம் அதே கட்டடத்தில் கீழே இருந்தது. எனக்கு எல்லாம் ஒரு கோட்டில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

என் கணவரிடம் சொன்னேன். "போ அம்மணி, உனக்கு ஆரப் பாத்தாலும் திருடனாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டார். ஆனால் ரத்தம் கொடுக்க அவரும் போகவில்லை. வெயில் காலம் தொடங்கிவிட்டது. இளநீர் வியாபாரிக்கு வெயில் காலத்தில் சாகக்கூட நேரம் கிடையாது என்று அவர்தான் சொல்வார்.

அடுத்த மாதம் மருந்துக் கடையில் சண்டை. முதலில் வாங்கிய அட்டை நீலம், இந்த முறை கொடுத்தது ஆரஞ்சு. கம்பெனி பெயரும் வேறு. கடைக்காரரிடம் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதாங்க. வேணும்னா வாங்குங்க, இல்லீன்னா வேற கடை பாருங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னார். எல்லாம் ஒன்றுதான் என்று சொல்பவரை நான் நம்பியதே இல்லை. இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயர்கள் இரண்டும் ஒன்றுதான், பக்கத்தில் இருக்கிற எண்களும் ஒன்றுதான், தாராளமாகப் போடலாம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பொடி எழுத்தை நான் மனப்பாடம் செய்துகொண்டேன். டெல்மிசார்ட்டன், அம்லோடிபின். எண்ணும் சேர்த்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மாத்திரை சரி. அதைப் போடுகிற ஆள் சரியா? அடுத்து அவர் மேல் சந்தேகம் வந்தது. காலையில் சாப்பிட்டு முடித்ததும் நானே கையில் கொடுத்து, எதிரே நின்று, விழுங்கும் வரை பார்ப்பேன். "வாயத் தொறங்க" என்பேன். அவரும் ஆ என்று திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் வீட்டு மனிதர், என் கவலை.

இத்தனை காவலையும் தாண்டித்தான் அது வந்தது.

சித்திரையில் அவர் நடை மாறியது. வண்டியிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் அடி எடுத்து வைத்தார். மொட்டை மாடிக்கு ஏறுவதையே விட்டுவிட்டார். கேட்டால் "வெயிலுங்" என்று ஒரே பதில். ஒரு நாள் வாசல் படியில் கால் தடுக்கி என் மேலேயே சாய்ந்தார். நான் செய்த முதல் காரியம் அவர் வாயை மோந்து பார்த்தது.

ஏன் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொள்ளாச்சியைத் தாண்டிக் கொஞ்சம் தூரம் போனால் கேரளா எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கள்ளுக் கடை. இந்தப் பக்கம் மானமாக இருக்கிற எத்தனையோ ஆண்கள், தோப்புப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி அங்கே போய் வருவது ஊரறிந்த விஷயம். இவர் சொட்டுக்கூடத் தொடாதவர்தான். ஆனால் தொடாதவர் தொட ஆரம்பிக்கிற வயது எது என்று யாருக்குத் தெரியும்? வாயில் வாசனை எதுவும் இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

மறுநாள் அவர் தூங்கும்போது வண்டியைச் சோதித்தேன். சீட்டுக்கு அடியில் கை விட்டதும் ஒரு மாத்திரை அட்டை அகப்பட்டது. பாதி காலி. அவரை எழுப்பி உட்கார வைத்து மூஞ்சிக்கு நேரே நீட்டினேன்.

"இது என்னங்க?"

"முதுகு வலி மாத்திரைங்க அம்மணி. வண்டி ஓட்டி ஓட்டி முதுகு புடிச்சுக்குது. உங்கிட்டச் சொன்னா வண்டியே ஓட்ட வேண்டாம்பே."

"டாக்டரு எழுதிக் குடுத்தாருங்களா?"

"மருந்துக் கடையில வலின்னு சொன்னாக் குடுப்பாங்க."

அதை வாங்கிக் குப்பையில் போட்டேன். ஒரு குட்டு உடைந்தது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஆனால் அந்த வலி மாத்திரையை நிறுத்தி வாரமாகியும் கால் தேறவில்லை. அப்படியானால் கள்ளுதான் என்று முடிவு கட்டினேன். ஒரு காலையில் அவர் வண்டியைக் கிளப்பும்போது முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"எங்கீங்க அம்மணி?"

"நானும் வாரனுங்க. தோப்பு எப்படி இருக்குதுன்னு பாக்கோணும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எதற்கு வருகிறேன் என்று அவருக்குத் தெரியும். வண்டியை எடுத்தார்.

அன்றைக்குத்தான் அவர் தொழிலை நான் நேரில் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் பார்த்ததில்லை. தோப்புக்குள் வண்டி நுழைந்ததும் தோப்புக்காரர் எழுந்து வந்து "வாங்க வாங்க" என்பார். ஆளைக் கூப்பிட்டு ஒரு காய் வெட்டச் சொல்வார். வெட்டிய இளநீரை இரண்டு கையாலும் இவரிடம் நீட்டுவார். இவர் வாங்கி, கீழே வைக்காமல் அண்ணாந்து குடிப்பார். பிறகு காயைப் பிளந்து வழுக்கையைப் பார்ப்பார். வாய்க்கால் ஓரத்து மரத்துக் காய்க்கு ஒரு ருசி, மேட்டுக் காய்க்கு ஒரு ருசி. அதனால் அங்கேயும் ஒன்று, இங்கேயும் ஒன்று. குடித்த பிறகுதான் விலைப் பேச்சே தொடங்கும். குடிக்காமல் விட்டால் இந்தத் தோப்புக் காய் வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். அதை விட ஒரு தோப்புக்காரரை அவமானப்படுத்த முடியாது. இப்படி ஒரு தோப்பு முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது. நடுவில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கள்ளும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லைப் பக்கம் வண்டி திரும்பவே இல்லை. எனக்கு நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்றுகூடத் தோன்றியது, எனக்கு அபூர்வமாகத்தான் அப்படித் தோன்றும். எனக்கும் ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். சந்தோஷமாகக் குடித்தேன். "உங்களுக்கு இன்னொண்ணு வேணுமுங்களா? உடம்புச் சூடு தணியட்டும்" என்று நானே அவருக்கு உபசாரம் செய்தேன். அவரும் குடித்தார்.

கடைசித் தோப்பில் விலை பேசி முடித்துவிட்டு, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கப் போனார். எழுந்திருக்க முடியவில்லை. மறுபடியும் முயற்சி செய்தார். கால் சொன்னதைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "அம்மணி, காலு இல்லாத மாதிரி இருக்குது" என்றார். முகத்தில் பயம். என்றைக்கும் பயப்படாத முகம் அது. நான் ஓடிப் போய் ஆளைக் கூப்பிட்டேன்.

காய் வெட்ட வந்த ஆள்தான் வண்டியை ஓட்டினார். கிணத்துக்கடவைத் தாண்டி நேரே கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவசரப் பிரிவில் மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். ஒரு தாளை இழுத்துப் பார்த்த மாத்திரத்தில் இங்கேயும் அங்கேயும் ஓடினார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் விஷயம் காலில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது, இன்னும் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்றார்கள். சந்தேகப்படுவதற்குக்கூட எனக்கு அப்போது தெம்பில்லை.

ஊசிகள் போட்டு, மருந்து ஏற்றி, ஒயரில் வரும் கோடுகள் கொஞ்சம் சீரான பிறகு ஒரு டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார். பார்க்கக் கல்லூரிப் பெண் மாதிரி இருந்தார். இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன மாத்திரை? நான் பொடி எழுத்தை எண்ணோடு ஒப்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வலி மாத்திரை ஏதாவது? அதையும் நானே சொன்னேன், என் கணவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வாழைப்பழம், பழச்சாறு? அவருக்குப் பழமே பிடிக்காது. உப்புக்குப் பதிலாக, சோடியம் குறைச்சது என்று கடையில் விற்கிறார்களே, அந்த உப்பு? இல்லை, சாதாரணக் கல்லுப்பு.

டாக்டரம்மா யோசித்தார். பிறகு, "என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார்.

"எளநி யாவாரமுங்க."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "நீங்க குடிப்பீங்களா?"

என் கணவருக்கு அந்த நிலைமையிலும் கோபம் வந்தது. "குடிக்காம எப்படீங்க வெல சொல்றது?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஊர் டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டபோதெல்லாம் டீ காபிகூட இல்லைங்க என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னவர். அது பொய் இல்லை. இளநீர் அவருக்குச் சாப்பாட்டுக் கணக்கிலும் வராது, குடிப்பதிலும் வராது. அது வேலை. பலகாரக் கடைக்காரர் பாகை நாக்கில் வைத்துப் பார்ப்பதை யாராவது இனிப்புச் சாப்பிட்டார் என்று சொல்வார்களா? எனக்கும் தோன்றவில்லை. அவர் குடித்ததை எதிரில் நின்று பார்த்தவள் நான், இன்னொன்று குடிக்கச் சொன்னவளும் நான்தான். எதை எதையோ சந்தேகப்பட்ட எனக்கு இளநீரைச் சந்தேகப்படத் தெரியவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அந்த மாத்திரையில் இருக்கிற இரண்டு மருந்தில் ஒன்று, உடம்பிலிருந்து பொட்டாசியம் வெளியே போவதைக் கொஞ்சம் குறைக்கும். சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர்களுக்கு அதனால் பெரும்பாலும் தொந்தரவு வராது. இவர் போட்ட வலி மாத்திரை சிறுநீரகத்தைச் சோர்வாக்கியிருக்கிறது, நிறுத்தியும் அது இன்னும் தேறவில்லை. அதற்கு மேல் தினமும் இத்தனை இளநீர். இளநீரில் பொட்டாசியம் நிறைய. உள்ளே வருவது அதிகம், வெளியே போகிற வழி அடைப்பு.

"இதுக்காகத்தான் மாத்திரை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல ரத்தம் பார்க்கச் சொல்லுவோம். பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று என் கணவர்தான் ஒத்துக்கொண்டார்.

"அப்ப அந்த மாத்திரைய இன்னையோட நிறுத்திப்போடறனுங்க" என்றேன்.

"நீங்களா நிறுத்தாதீங்கம்மா. இப்ப நாங்க நிறுத்தி வைக்கறோம், வேற மாத்திரை தர்றோம், அது எங்க பொறுப்பு. வீட்ல இருந்துட்டு நீங்களா நிறுத்தினா பிரஷர் ஏறிப் பக்கவாதத்துல கொண்டு போய் விட்டுடும். மாத்திரை கெட்டதில்ல. இளநீரும் கெட்டதில்ல. இவர் உடம்பு இருக்கிற நிலைமைக்கு ரெண்டும் ஒண்ணு சேரக் கூடாது, அவ்வளவுதான்."

நான் உடனே நம்பிவிடவில்லை. காலையில் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். மாலையில் வந்த இன்னொருவரிடமும் கேட்டேன். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிற பொய்யாக அது தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றாம் நாள் அவர் தானே எழுந்து பாத்ரூமுக்கு நடந்தார். அதைப் பார்த்த பிறகு நம்பினேன்.

மாத்திரையை மாற்றிக் கொடுத்து அனுப்பினார்கள். சிறுநீரகம் தேறி, ரத்தம் பார்த்துச் சொல்கிறவரை இளநீர் ஒரு மடக்குக்கூடக் கூடாது. கேட்காமல் வலி மாத்திரை எதுவும் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. அவர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். தோப்புக்காரர்கள் போன் செய்தால் எடுக்கவில்லை.

"ஏனுங்க, பேசுங்களே" என்றேன்.

"என்னன்னு பேசறது? எளநி குடிச்சுத்தான் ஆஸ்பத்திரியில கெடந்தேன்னு எளநி யாவாரி வெளிய சொல்ல முடியுமா? நாளைக்கு எவன் எங்கிட்டக் காய் குடுப்பான்? கொழந்தைக்கு, நோயாளிக்குக் குடுக்கற பண்டம் அது. அதப் போயி ஆகாதுன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்?"

"குடிக்காம இருந்தாப் போதுங்க. சொல்ல வேண்டாம்."

"குடிக்காம நின்னா மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆகிப்போயிரும். உனக்குப் புரியாது."

எனக்குப் புரிந்தது. அதனால்தான் பயம். பத்து நாள் கழித்து அவர் மறுபடியும் வண்டிச் சாவியை எடுத்தபோது, தொட மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்தார். நல்ல மனிதர், பொய் சொல்ல மாட்டார். ஆனால் ஒரு தோப்புக்காரர் இரண்டு கையால் நீட்டும்போது அந்தக் கை நீளாமல் இருக்குமா? நான் சத்தியத்தை வாங்கிக்கொண்டு வண்டியிலும் ஏறிக்கொண்டேன்.

முதலில் போனது அவருக்கு வெகுநாள் பழக்கமான ஒரு தோப்பு. தோப்புக்காரர் எங்கள் வயதுக்காரர். கிணற்று மேட்டில் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்ததும், "வாங்க வாங்க, எங்க ஆளையே காணோம்" என்று சிரித்தார். ஆள் காய் வெட்டிக்கொண்டு வந்தார். தோப்புக்காரர் அதை வாங்கி, உட்கார்ந்தபடியே என் கணவரிடம் நீட்டினார்.

நினைத்தது போலவே என் கணவரின் கை நீண்டது. நான் வண்டியிலிருந்து இறங்கினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"பொளந்து காட்டுங்க, வழுக்கையப் பாத்துக்கறேன்" என்றார்.

"குடிச்சுப் பாருங்க மொதல்ல."

"இல்லீங், இருக்கட்டும்."

தோப்புக்காரர் முகம் சுண்டிவிட்டது. "ஏனுங்க, இந்தத் தடவ எங்க தோப்புத் தண்ணி ஆகாதுங்களா?"

என் கணவர் தரையைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "காயில ஒண்ணுமில்லீங்க. எனக்குத்தான் ஆகாது. பிரசர் மாத்திர போட்டுட்டு எளநி நெம்பக் குடிச்சு, காலு வெளங்காமப் போயி, ஆஸ்பத்திரியில கெடந்து வந்திருக்கறனுங்க." அவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எனக்கு அவர் மேல் அப்போது வந்த பிரியத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து தோப்புக்காரரின் மனைவி வந்துவிட்டார். காதில் விழுந்திருக்க வேண்டும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இதென்னங்க புதுசாச் சொல்றீங்க? எங்கூட்டுக்காரருந்தான் பிரசர் மாத்திர போடறாரு. தெனமும் காத்தால சூட்டுக்குன்னு நாந்தான் எளநி வெட்டிக் குடுக்கறேன். ஒண்ணுக்கு ரெண்டாக் குடிக்கறாரு. அவருக்கென்ன ஆயிப்போச்சு?"

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அது என் குரல். ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் என் கண் முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊர்களில் வீட்டுக்கு ஆள் வந்தால் உட்கார்ந்தபடி யாரும் வரவேற்க மாட்டார்கள். படுத்திருக்கிற மனிதர்கூட எழுந்து உட்கார்ந்துதான் வாங்க என்பார். இந்த மனிதர் நாங்கள் வந்ததிலிருந்து எழுந்திருக்கவில்லை. இளநீரைக்கூட உட்கார்ந்தபடிதான் நீட்டினார்.

"ஏனுங்க, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க பாக்கலாம்" என்றேன்.

அவர் சிரித்து மழுப்பினார். "கொஞ்ச நாளாக் காலுல வலு இல்லீங்க. வயசாகுதில்ல."

"அந்த மாத்திர அட்டையக் கொண்டாங்க அம்மணி" என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

அந்தம்மா உள்ளே போய் எடுத்து வந்தார். நம்பிக்கையோடு அல்ல, நான் தோற்பதைப் பார்க்கிற ஆசையோடு. அட்டை பச்சை. கம்பெனி வேறு. பொடி எழுத்தைப் படித்தேன். அதே இரண்டு பெயர். எண்ணும் அதே எண்.

நான் அட்டையை என் கணவரிடம் கொடுத்தேன். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது, என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"வண்டியில ஏறுங்க. போயி ரத்தம் பாத்துட்டு வந்தர்லாம். உங்களுக்கு எப்படி இருக்குதோ தெரியாது, பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

"அப்பறம் பாத்துக்கலாமுங்க. காய் பேச்ச முடிச்சரலாம்" என்றார் தோப்புக்காரர்.

அந்தம்மா குறுக்கே வந்தார். "இருங்க இருங்க. தண்ணியும் குடிக்கல, ஆகாதுன்னும் சொல்றீங்க. வெலையக் கொறைக்கறதுக்கு இப்படியொரு பேச்சுங்களா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இதை இன்னும் முன்னாலேயே கேட்டிருப்பேன்.

என் கணவர் அந்தம்மாவைப் பார்த்துச் சொன்னார். "வெல நீங்க சொல்ற வெலதானுங்க. ஒத்துக்கிட்டேன். இப்ப அவர வண்டியில ஏத்துங்க."

அந்தம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். காயைக் குடித்துக்கூடப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேரம் பேசாமல், கேட்கிற விலைக்கு ஒத்துக்கொண்ட வியாபாரியை அவர் பார்த்ததே இல்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தார். அவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். முடியவில்லை.

"அப்ப நெசந்தானுங்களா?" என்று என்னிடம் கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

ஆமாம் என்றேன். அவர் புருஷனுக்குச் சட்டை எடுக்க உள்ளே ஓடினார்.